பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள்

ஊசிக்காட்டில் ஓர் உடும்பு இருந்தது. அதற்கு ஒரு பேரும் இருந்தது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி அதை யாரும் கூப்பிடுவதில்லை.

"ஏய் உடும்பு, தள்ளிப் படு!" என்று குரங்கு சொல்லும். "உடும்பு போகுது, வழி விடுங்க!" என்று நரி சொல்லும். அவ்வளவுதான். பேர் வைத்தது அதன் தாய். தாய் போய் ஏழு மழைக்காலம் ஆகிவிட்டது. ஒருநாள் பொந்துக்குள் படுத்துக்கொண்டு உடும்பே தன் பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. யாரோ வேற்றாள் பேர் மாதிரி இருந்தது. அப்புறம் அந்த வேலைக்கே போகவில்லை.

மற்றபடி குறை ஒன்றும் கிடையாது. புற்றுமேட்டில் நல்ல அகலமான பொந்து. காலையில் வெயில் காய ஒரு பாறை. வயிற்றுக்குக் கிடைக்கிறது. பேச்சுத் துணைதான் இல்லை. பாவம் என்று இப்போதே உச்சுக்கொட்ட வேண்டாம். முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கொட்டுங்கள்.

காட்டை ஒட்டி ஒரு தார் ரோடு. மனிதர்கள் போட்டார்கள். பிறகு வேறு பக்கம் புது ரோடு போட்டுக்கொண்டு இதை மறந்துவிட்டார்கள். வண்டி இல்லை, சத்தம் இல்லை. ஓரத்தில் ஒரு மைல்கல். அங்கிருந்து மூன்று கூப்பிடு தூரத்தில் ஒரு சின்னப் பாலம். மைல்கல்லிலிருந்து பாலம் வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டப் பந்தயம் நடக்கும். நடத்துவது ஊசிக்காடு ஓட்டக் கழகம்.

கோடை முடிந்து முதல் மழை பெய்த மறுநாள் காலைதான் பந்தயம். அன்றைக்குத்தான் தார் குளிர்ந்து கிடக்கும். பாதம் பொசுங்காது. அன்றைக்குத்தான் ஈசலும் புற்றை விட்டுக் கிளம்பும். ஓடி முடித்தவர்களுக்குப் பாலத்தடியில் ஈசல் விருந்து! அன்று ஒருநாள் மட்டும் காட்டில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று கழகம் தீர்மானம் போட்டிருந்தது. அந்தத் தீர்மானம் ஈசலுக்குப் பொருந்தாது. ஈசலை யார் கேட்டார்கள்?

கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு 'நிற்கிறவர்' வேண்டும். பாலத்துக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு காட்டுக்கொடியை நீட்டிப் போட்டிருப்பார்கள். நிற்கிறவர் கொடிக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். தன் ஆள் ஓடி வந்து கொடியை நெருங்கியதும் பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுவார். கூப்பிட்டால்தான் கொடியைத் தாண்டலாம். கூப்பிடாமல் தாண்டினாலும் சரி, சுற்றிக்கொண்டு போனாலும் சரி, ஓடினதாகவே ஆகாது.

ஏன் இந்த வழக்கம்? ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு முயல் பாதி ரோட்டில் கால் பிசகி விழுந்து கிடந்ததாம். எல்லாரும் விருந்து தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். யாருமே தேடவில்லையாம். அதற்குப் பிறகுதான் ஆளுக்கு ஒருவர் நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல வழக்கம்தான்.

உடும்பின் பொந்து பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வருஷா வருஷம் அந்தக் கூப்பிடுகிற சத்தம் பொந்துக்குள் வரும்.

"வெள்ளச்சீ! வாடி என் தங்கம்!"

"காத்தமுத்தண்ணே! வா வா வா!"

உடும்பு கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். ஒரே ஒரு தடவை, நம் பேரையும் இப்படி யாராவது கூப்பிட்டால் எப்படி இருக்கும்!

சரி, இவ்வளவு ஆசை இருக்கிறதே, அது எப்படி நடந்துகொண்டது தெரியுமா? பாலத்துக்குப் பக்கத்தில் வீடு என்பதால் ஆள் கிடைக்காதவர்கள் எல்லாரும் முதலில் அதனிடம்தான் வருவார்கள்.

"கொஞ்ச நேரம் எனக்காக நில்லுங்களேன்!" என்று கௌதாரி காத்தமுத்து ஒரு வருஷம் வந்து கேட்டது.

"சும்மா நிக்கிறதுக்கு நான் என்ன நட்டு வச்ச கம்பமா?" என்றது உடும்பு.

முயல் கேட்டது. கீரி கேட்டது. போன வருஷம் ஒரு மூஞ்சூறு வந்து கேட்டது. காய்ச்சலில் அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி ஓடுறா. நான்தான் நிக்கணும். எழுந்திரிக்கவே முடியல. ஒரு நாழி நில்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

உடும்பு மூக்கைச் சுளித்துக்கொண்டது. மூஞ்சூறு வந்தால் கூடவே ஒரு வாடையும் வரும், தெரியுமல்லவா? "போ, போ! இன்னார் யாருக்காகவும் நிக்க மாட்டார்னு ஊரெல்லாம் போய்ச் சொல்லு!" என்று தன் பேரை நீட்டி முழக்கிச் சொல்லி விரட்டியது. மூஞ்சூறு திரும்பிப் போனது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பொந்துப் பக்கம் வரவில்லை.

இந்த வருஷம் முதல் மழை பெய்தது. சாயங்காலமே மைல்கல்லில் பேர் கொடுக்கிற கூட்டம் கூடிவிட்டது. கழகத்தின் செயலாளர் ஓர் ஆட்காட்டிப் பறவை. சண்முகத்தாய் என்று பேர். ஒரு பெரிய தேக்கிலையில் எல்லார் பேரையும் நகத்தால் கீறிக்கொண்டிருந்தது. வரிசையில் உடும்பும் வந்து நின்றது. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களுமா ஓடப் போறீங்க?" என்றது சண்முகத்தாய்.

"ஏன், ஓடக் கூடாதா?"

"அட, தாராளமா ஓடுங்க! பேரு?"

உடும்பு தன் பேரைச் சொன்னது. சண்முகத்தாய் அதை இலையில் கீறியது. ஒரு தடவையாவது திருப்பிச் சொல்லும் என்று உடும்பு பார்த்துக்கொண்டே நின்றது. அது சொல்லவில்லை.

"ம். நிக்கிறவர் யாரு?"

உடும்பு வாயைத் திறந்தது. மூடியது. பின்னால் நின்ற கௌதாரி காத்தமுத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல மனசு அதற்கு. பழசை எல்லாம் வைத்துக்கொள்ளாது.

"ஆள் இல்லேன்னா சொல்லுங்க. எனக்கு ரெண்டு தம்பிங்க. ஒருத்தன் எனக்கு நிப்பான், இன்னொருத்தன் சும்மாதான் திரியுறான். உங்களுக்கு நிக்கட்டும்!"

'சரிப்பா, ரொம்ப நன்றி' என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடும்புக்கு முகம் சுட்டது.

"ஆள் இல்லையா? யாருக்கு ஆள் இல்லை? எனக்கு இருக்கிற மாதிரி சினேகிதன் இங்க எவனுக்கும் கிடையாது! மலைக்கு அந்தப் பக்கம் இருக்கார். ஆமை. கொம்பையான்னு பேரு. எழுதிக்குங்க!"

"ஆமையா! மலையைத் தாண்டி நாளைக் காலைக்குள்ள வந்துருவாரா?"

"நேத்தே கிளம்பியாச்சு!"

"மழை இன்னைக்குத்தானே பெஞ்சுது? அவருக்கு நேத்தே எப்படித் தெரியும்?"

"அவர் முதுகு ஓடு சொல்லிரும்!" என்றது உடும்பு.

கூட்டமே வாயைப் பிளந்தது. சண்முகத்தாய் 'கொம்பையா' என்று அழகாகக் கீறிக்கொண்டது. உடும்பு மார்பை நிமிர்த்திக்கொண்டு நகர்ந்தது.

கொம்பையா என்று ஓர் ஆமை மலைக்கு அந்தப் பக்கமும் கிடையாது, இந்தப் பக்கமும் கிடையாது. ஆமை என்று ஏன் சொன்னது தெரியுமா? அங்கேதான் அதன் மூளை. மான் என்று சொன்னால், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பார்கள். ஆமை வராவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 'ஐயோ பாவம், ஆமைதானே, வழியில் வந்துகொண்டிருக்கும்' என்று இரக்கப்பட்டு யாராவது ஒருவர் கூப்பிட்டுவிடுவார்கள். பேருக்குப் பேரும் ஆச்சு, மானமும் தப்பிச்சாச்சு! உடும்பு தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டது.

கடைசியாக ஒரு மூஞ்சூறு வந்தது. வரிசை தானாகவே விலகி அதற்கு இடம் விட்டது.

"பேச்சியா? வா. இந்த வருஷமும் அக்கா தானே நிப்பா?" என்றது சண்முகத்தாய், அலகைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே.

"ஆமா. அக்கா இருளாயி," என்றது மூஞ்சூறு. சொல்லிவிட்டுப் புல்லுக்குள் போய்விட்டது.

மறுநாள் விடிந்தது. தார் ரோடு கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் மைல்கல் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, கேலி பேசிக்கொண்டு, ஒரே அமர்க்களம்! ஓரத்தில் மட்டும் இரண்டு பேர் தனியாக நின்றார்கள். ஒன்று உடும்பு. அதனிடம் பேச யாருக்கும் பேச்சு இல்லை. இன்னொன்று பேச்சி. அதன் பக்கத்தில் நிற்க யாருக்கும் மூக்கு இல்லை. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவும் இல்லை.

"டிட்டிட்டீ!" என்று சண்முகத்தாய் கத்தியது. ஓட்டம் தொடங்கியது!

முதல் கூப்பிடு தூரத்தில் உடும்பு ஆறாவதாக ஓடியது. ராத்திரிக் குளிரில் விறைத்துப்போன கால். இரண்டாவது தூரத்தில் வெயில் முதுகில் பட்டது. கால் இளகியது. கீரியைத் தாண்டியது. அணிலைத் தாண்டியது. குரங்கையே தாண்டியது! நகங்கள் தாரில் கிறீச் கிறீச் என்றன. இவ்வளவு வேகமாக ஓடத் தனக்குத் தெரியும் என்றே அதற்கு அதுவரை தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல யார் இருக்கிறார்கள்? ஓடியது.

முயல் வெள்ளச்சி முதலில் போனது. "வெள்ளச்சீ! வாடி என் தங்கம்!" என்று அதன் அம்மா கத்தியது. ஒரே தாவல், கொடிக்கு அந்தப் பக்கம்! இரண்டாவதாகக் காத்தமுத்து. "காத்தமுத்தண்ணே! வா வா வா!" என்று தம்பி கௌதாரி குதித்தது.

மூன்றாவதாக உடும்பு வந்தது. கொடிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. மூச்சு வாங்கியது. எதிரே பார்த்தது. எத்தனையோ முகங்கள் இருந்தன. ஒன்றுகூட அதற்காக வந்த முகம் இல்லை.

"இந்தக் கொம்பையாவை எங்க காணோம்!" என்றது உடும்பு, எல்லாருக்கும் கேட்கும்படி. "வழியில வந்துக்கிட்டிருப்பார். ஆமைதானே, பாவம்!"

பின்னால் வந்த குரங்கு, "கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றது. அதன் பேரைக் கூப்பிட்டார்கள். தாண்டியது. கீரி வந்தது, "தள்ளிக்குங்க" என்றது, தாண்டியது. உடும்பு தள்ளித் தள்ளி ரோட்டின் ஓரத்துக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு பேரும் அதன் காதுப் பக்கத்தில் விழுந்தது. எதுவும் அதனுடையது இல்லை.

காத்தமுத்துவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "செயலாளரம்மா! அவர் எவ்வளவு நேரம்தான் நிப்பார்? ஆமை வர்ற வரைக்கும் பதிலுக்கு நான் வேணா கூப்பிட்டுரட்டுமா?"

உடும்பு கொடிப் பக்கம் ஓர் எட்டு வைத்தது. இதற்காகத்தானே அத்தனையும்! கூப்பிடு காத்தமுத்து, கூப்பிடு!

"சும்மா இருப்பா!" என்று சண்முகத்தாய் அதட்டியது. "மலை ஏறி இறங்கி ஒருத்தர் ரெண்டு நாளா நடந்து வந்துக்கிட்டிருக்கார். சினேகிதன் பேரைக் கூப்பிடணும்னே வர்றார். அவர் வந்து சேரும்போது, 'உங்க வேலையை நாங்களே முடிச்சிட்டோம்'னு சொன்னா அந்த மனசு என்ன பாடுபடும்? யோசிச்சுப் பாரு!"

"அதுவும் சரிதான்," என்றது காத்தமுத்து.

"இப்படி ஒரு சினேகிதன் எனக்குக் கிடைச்சா நான் நாள் முழுக்கக்கூட நிப்பேன்," என்றது வெள்ளச்சி, பெருமூச்சு விட்டுக்கொண்டே.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'ஆமையும் இல்லை, கீமையும் இல்லை, எனக்கு யாருமே இல்லை' என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உடும்புக்குப் பிடித்ததை விட்டுப் பழக்கம் கிடையாது. பொய்யையும் அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"ஆமா, அவர் வரட்டும். மனசு கஷ்டப்படுவார்," என்றது.

பாலத்தடியில் விருந்து நடந்தது. ஈசல் வாசனை வந்தது. உடும்புக்கு ஈசல் என்றால் உயிர். கொடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி எச்சில் விழுங்கியது. சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ பாட்டு எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

சண்முகத்தாய் தேக்கிலையைப் பார்த்தது. "இன்னும் ரெண்டு பேர் பாக்கி. மூஞ்சூறுக்கு அவ அக்கா நிப்பா. உடும்புக்கு ஆமை வந்துக்கிட்டிருக்கு. நமக்கு இங்க என்ன வேலை?" என்றது. பிறகு உடும்பைப் பார்த்து, "கொடி இருக்கட்டும். உங்க ஆள் வந்ததும் ரெண்டு பேருமாச் சுருட்டி ஓரமாப் போட்டுருங்க!" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

ரோடு காலியாகிவிட்டது.

உடும்பு நின்றது. காற்றில் ஈசல் இறகுகள் பறந்து வந்து கொடியில் ஒட்டிக்கொண்டன. வெயில் ஏறியது. ஈரம் காய்ந்தது. தார் மெதுவாகச் சுட ஆரம்பித்தது. வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டது. பிறகு இடது காலை.

தாண்டிவிட்டால்தான் என்ன? யார் பார்க்கிறார்கள்? காலைத் தூக்கிக் கொடிக்கு மேலே நீட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தது. பார்க்க யாரும் இல்லை என்பதுதான் அதற்குத் தாங்கவில்லை. காலை இழுத்துக்கொண்டது.

தன் பேரைத் தானே சொல்லிப் பார்த்தது. மெல்லத்தான் சொன்னது. குரல் பாலத்தடியில் போய் மோதித் திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பைத்தியம்! தானே இட்டுக்கட்டிய ஆமை. இருந்தும் ஒரு நிமிஷம், தூரத்தில் ஏதோ அசைவது போலத் தெரிந்ததும், 'கொம்பையா வருகிறாரோ' என்று அதன் மனசு துள்ளியது. கல்தான். வெயிலில் கானல் ஆடியது. உடும்புக்கு அழுகை வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே அழுதது.

அப்போது பின்னால் சின்னதாக ஒரு சத்தம். தத்தித் தத்தி யாரோ வருகிற சத்தம். முதலில் வாடை வந்தது. பிறகு பேச்சி வந்தது.

குட்டைக் கால்கள். முகமெல்லாம் சேறு. நாக்கு வெளியே தொங்கியது. பாதி வழியில் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்து எழுந்து வந்திருந்தது. கொடிக்கு முன்னால் வந்து நின்றது. அந்தப் பக்கம் ஒரு பூவரச மரம். அதன் அடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தையே பார்த்தபடி நின்றது.

உடும்பு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "எல்லாரும் போயிட்டாங்க," என்றது.

"தெரியும். சத்தமே கேட்கலையே."

"உன் அக்கா நிப்பாள்னு சொன்னாங்களே? அவளும் வரல போலிருக்கே?"

"அங்கதான் நிப்பா," என்று பேச்சி மரத்தடியைக் காட்டியது. "ஒவ்வொரு வருஷமும் நான்தான் கடைசி. எல்லாரும் போன பிறகும் அவ மட்டும் நிப்பா. என் தலை தெரிஞ்சதும் கூப்பிடுவா. அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய குரல்!"

"இப்ப எங்க?"

"பங்குனி மாசம் ஆந்தை தூக்கிட்டுப் போயிருச்சு."

உடும்பு மரத்தடியைப் பார்த்தது. "அப்புறம் ஏன் நேத்து அவ பேரைக் கொடுத்தே?"

"நிக்கிறவர் யாருன்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னு சொல்ல வாய் வரல. அவ பேர்தான் வந்துச்சு," என்றது பேச்சி. "செயலாளரம்மாவுக்கு அவ செத்ததே தெரியாது. யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுச் சாவுக்கு யாரு வந்தாங்க?"

தார் சுட்டது. பேச்சி ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றியது.

"போன வருஷம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல்," என்றது பேச்சி, மரத்தடியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "பக்கத்துல யாரையோ போய் நிக்கச் சொல்லிக் கேட்டிருக்கா. மாட்டேன்னுட்டாங்க. என்ன பண்ணுவா? தவழ்ந்துக்கிட்டே வந்து நின்னா. நின்ன இடத்துலேயே படுத்துட்டா. படுத்துக்கிட்டே கூப்பிட்டா."

உடும்பின் தலை கீழே போனது. நடுங்கிக்கொண்டு வாசலில் நின்ற அந்த மூஞ்சூறு கண் முன்னால் வந்தது. 'நட்டு வச்ச கம்பமா நான்?' என்று எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறது! எத்தனை வருஷம் பொந்துக்குள் படுத்துக்கொண்டு, ஊரார் பேரையெல்லாம் கேட்டுக் கேட்டு, தன் பேரை யாரும் கூப்பிடவில்லையே என்று உருகியிருக்கிறது! தன் வாயால் ஒரே ஒரு பேரையாவது கூப்பிட்டிருக்கிறதா? யோசித்துப் பார்த்தது. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெட்கத்தில் அதற்கு வால் நுனி வரைக்கும் கூசியது.

"நான் கிளம்புறேன்," என்றது பேச்சி. "நீங்க நில்லுங்க. உங்க ஆமை வந்துருவார்."

"நில்லு!" என்றது உடும்பு. "அசையாதே, அங்கேயே நில்லு!"

சொல்லிவிட்டு ரோட்டை விட்டு இறங்கியது. முள்ளுக்குள் புகுந்து, கொடியின் நுனியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறியது.

"ஐயய்யோ! என்ன பண்றீங்க?" என்று பேச்சி பதறியது. "சுற்றிப் போனா ஓடினதாகவே ஆகாதே! அவ்வளவு வேகமா ஓடினீங்களே, எல்லாம் போச்சே!"

"போகட்டும்!"

பூவரச மரத்தடியில், பேச்சி காட்டிய அதே இடத்தில் உடும்பு போய் நின்றது. நட்டு வைத்த கம்பம் மாதிரிதான் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டது. இந்த வேலை அதற்குப் பழக்கமில்லை. முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை காடே அதிரும்படி கூப்பிட்டது.

"பேச்சீ! வா தாயி! வா வா வா!"

பேச்சியின் மீசை நடுங்கியது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி ஒரு தாவு தாவியது. கொடியில் கால் இடறித் தலைகுப்புற விழுந்தது. ஆனால் அந்தப் பக்கம்தான் விழுந்தது! எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்து விக்கி விக்கி அழுதது. உடும்பு பக்கத்தில் போய் உட்கார்ந்தது. வாடை அடித்தது. அடித்தால் அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தது.

அழுது முடித்ததும் பேச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "உங்க ஆமை வந்தா என்ன சொல்லுவீங்க?"

"வர மாட்டார். அவர் இன்னும் பிறக்கவே இல்லை," என்றது உடும்பு. "எனக்கும் யாரும் இல்லை, பேச்சி. நேத்து அதைச் சொல்ல எனக்கும் வாய் வரல." பிறகு, "இன்னொண்ணும் சொல்லணும். போன வருஷம் உன் அக்கா வந்து கேட்டப்போ மாட்டேன்னது யாருன்னு..." என்று இழுத்தது.

"தெரியும்," என்றது பேச்சி.

உடும்பு திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"அக்கா வீட்டுக்கு வந்ததும் சொன்னா. அவளுக்குக் கோபமே இல்லை. 'பாவம்டி, அவருக்கும் யாரும் இல்ல போலிருக்கு, தன் பேரைத் தானே சொல்லிக்கிறார்'னா."

உடும்பு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. ரோட்டைப் பார்த்தது. கொடியைப் பார்த்தது. அந்தக் கொடியை அது தாண்டவே இல்லை. இனி அடுத்த மழைக்குத்தான். எழுந்து கொடியை மெல்லச் சுருட்ட ஆரம்பித்தது. பேச்சி மரநிழலுக்குள் போய்ப் பாலத்தடியை எட்டிப் பார்த்தது. அங்கே புற்று வாயில் ஒரு பிடி ஈசல் மிச்சம் இருந்தது.

"வீரணண்ணே!" என்று பேச்சி கூப்பிட்டது.

உடும்பு கொடியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தது.

"வீரணண்ணே! உங்களைத்தான்! காலு சுடலையா? நிழலுக்கு வாங்க. ஈசல் இருக்கு, வாங்க!"

உடும்பின் கையிலிருந்து கொடி நழுவி விழுந்தது. கூட்டம் இல்லை, பந்தயம் இல்லை. 'சாப்பிட வா' என்று வீட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒரு சின்னக் குரல். உடும்பு, உடும்பு என்று நானும் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன் பாருங்கள். அதன் பேர் வீரணன்.

"இதோ வந்துட்டேன்!" என்றது வீரணன். மூன்று கூப்பிடு தூரம் ஓடியதைவிட வேகமாக அந்த நாலு எட்டை ஓடியது.

நம் பேரைச் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும் என்றால், முதலில் நாம் போய் இன்னொருவருக்காக நிற்க வேண்டும்.